கரிசல் சாலையில் இன்ஜின் சூடு: மாற்றிக் கட்டிய வண்டிகளின் வரலாறு

கோவில்பட்டியிலிருந்து தென்கிழக்காகப் பிரிந்து, பசுவந்தனையைத் தொட்டு ஒட்டப்பிடாரம் நோக்கிச் செல்லும் சாலை, பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் மானாவாரியாக விளையும் கரிசல் நிலத்தின் நடுவே கிடப்பது. மதுரையையும் தூத்துக்குடியையும் இணைக்கும் இருப்புப்பாதை 1876-ஆம் ஆண்டிலேயே கோவில்பட்டி வழியாகப் போடப்பட்டுவிட்டபோதிலும், அப்பாதையிலிருந்து விலகிக் கிடந்த பசுவந்தனை போன்ற ஊர்களின் பருத்திப் பொதிகள் மாட்டுவண்டி ஏறித்தான் நிலையம் சேர்ந்தன. அந்த இடைவெளியை நிரப்ப வந்த மோட்டார் வண்டிகளில் பெரும்பாலானவை, செய்தவர் செய்தபடியே ஓடியவை அல்ல. லாரிக்கென வார்க்கப்பட்ட சட்டகத்தின்மீது பஸ் கூடு கட்டப்பட்டது, பெட்ரோல் இன்ஜினுக்குக் கரி வாயு ஊட்டப்பட்டது, பட்டாளத்து வண்டி பாரவண்டியானது, பெட்ரோல் இன்ஜின் இருந்த இடத்தில் டீசல் இன்ஜின் ஏற்றப்பட்டது. இத்தகைய மாற்றம் ஒவ்வொன்றும் பானட்டுக்குள் இருக்கும் சூட்டைக் கூட்டியது என்பதைவிட, தயாரிப்பாளர் எதிர்பாராத இடத்துக்கு அதை நகர்த்தியது என்பதே பொருந்தும். அச்சூட்டைக் குறைக்க முயன்ற பட்டறைகள், காற்றை உள்ளே கொண்டுவருவதில் காட்டிய அக்கறையை அதை வெளியே விடுவதிலும் காட்டக் கற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று.

இன்ஜினில் எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி புகைக்குழாய் வழியாகவும், மற்றொரு பகுதி இன்ஜினைச் சுற்றி ஓடும் நீர் வழியாக ரேடியேட்டருக்கும் போகிறது. ரேடியேட்டர் என்பது வெந்நீர் மெல்லிய குழாய்களில் இறங்கும்போது, அக்குழாய்களைச் சுற்றிய தகட்டு இதழ்களின் ஊடே காற்று பாய்ந்து வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் கருவி. அது எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் என்பதை நீருக்கும் வெளிக்காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடே தீர்மானிக்கிறது. இங்கிலாந்தின் 15 டிகிரிக் காற்றில், கொதிநிலையை எட்டும் நீருக்கு 85 டிகிரி வேறுபாடு கிடைக்குமானால், சித்திரை மாதத்துக் கரிசலின் 40 டிகிரிக் காற்றில் அது 60 டிகிரியாகச் சுருங்கிவிடுகிறது. எனவே பழுதேதும் இல்லாத அதே ரேடியேட்டர் இங்கு வந்து இறங்கிய அன்றே தன் திறனில் கால் பங்குக்கு மேல் இழந்துவிடுகிறது. அயல்நாட்டுச் சட்டகங்களை இறக்குமதி செய்து ஓட்டிய காலம் முழுவதும் இந்தக் குறையின்மீதுதான் மற்ற மாற்றங்கள் ஏற்றப்பட்டன.

வெயில் ஒன்றை மட்டும் காரணமாகச் சொல்வது இந்நிலத்துக்குப் போதாது. கரிசல் வட்டாரத்தின் கிணற்று நீர் பல ஊர்களில் உவர்ப்பானது. அதைத் தொடர்ந்து ஊற்றினால் கொதிக்கக் கொதிக்க உப்புகள் பிரிந்து ரேடியேட்டர்க் குழாய்களின் உட்சுவரில் வெள்ளைப் படிவமாக ஒட்டிக்கொள்கின்றன. செம்பையும் பித்தளையையும் ஒப்பிட அப்படிவம் வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்துமாதலால், குழாய் நிறைய நீர் இருந்தும் சூடு இறங்குவதில்லை. ஊருணியிலும் கண்மாயிலும் தேங்கும் மழைநீரில் உப்பு குறைவு என்றாலும் அதில் கரிசல் வண்டல் கலந்திருக்கும். தெளிந்த நீர் உப்பையும் உப்பில்லாத நீர் சேற்றையும் தரும் நிலையில், ரேடியேட்டரின் மேல்தொட்டியைப் பிரித்து மெல்லிய கம்பி விட்டுக் குழாய்களைச் சுரண்டி, மறுபடி ஈயம் பற்றவைப்பது ஒரு தனித்தொழிலாகவே வளர்ந்தது. வெளிப்புறத்திலோ, பருத்தி ஏற்றிச் செல்லும் வண்டிகளிலிருந்தும் பருத்தி அரவை ஆலைகளின் சுற்றுப்புறத்திலிருந்தும் பறக்கும் பஞ்சிழைகள் ரேடியேட்டரின் இதழ்களில் சிக்க, அவற்றின்மேல் கோடைப் புழுதி அப்பிக்கொள்ள, காற்றுப் புகும் முகமே அடைபட்டுப்போனது.

மழைக்காலமும் விடுதலை தரவில்லை என்பது வெளியூர் வாசகருக்கு வியப்பாக இருக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் நனைந்த கரிசல் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். கற்சாலை போடப்படாத காலத்தில் அச்சேற்றில் வண்டி முதல் கியரிலேயே ஊர்ந்தது. இன்ஜின் முழுவேகத்தில் சுழன்றாலும் வண்டி நகராமையால் எதிர்காற்று கிடைக்காது; குளிர்ந்த நாளில் ரேடியேட்டர் கொதிப்பதற்கு இதுவே காரணம். ஆடி மாதத்து மேல்காற்று இதற்கு நேர்மாறான விதத்தில் இதே தொல்லையைத் தந்தது. செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து கிழக்கு நோக்கி வீசும் அக்காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கையில், பாரம் ஏற்றிக்கொண்டு கிழக்கே 35 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரியின் முகத்தில் படுவது வெறும் 5 கிலோமீட்டர்க் காற்றே ஆகும்; திரும்பி மேற்கே வரும்போது அதே லாரி குளிர்ந்துவிடும். பின்னாளில் கயத்தாறுப் பக்கம் காற்றாலைகளை நிறுத்தச் செய்த அதே காற்றுதான் இது.

இங்கு முதலில் பரவிய வண்டிகள் பெரும்பாலும் அமெரிக்க, கனடா நாட்டுச் சட்டகங்கள். ஃபோர்டு நிறுவனத்தின் கனடாக் கிளை 1926-இல் இந்தியக் கம்பெனியைத் தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது. மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனமும் கோவை வட்டாரத்தில் ஜி. டி. நாயுடுவின் நிறுவனமும் பஸ் போக்குவரத்தை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தன. ஃபோர்டின் டி மாடல் வண்டிகளில் நீரைச் சுழற்றும் பம்ப் கிடையாது; சூடான நீர் இலேசாகி மேலே ஏறும், ஆறிய நீர் கனத்துக் கீழே இறங்கும் என்ற இயற்கை ஓட்டத்தையே அவை நம்பியிருந்தன. அந்த ஓட்டம் மந்தமானது என்பதோடு, மேல்தொட்டியில் நீர்மட்டம் குழாய் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் முற்றிலும் நின்றும் விடும். அவ்வகைச் சட்டகத்தின்மீது மரக்கூடு கட்டி, அளவுக்கு மேல் ஆள் ஏற்றி ஓட்டியபோது, தகர டப்பாவில் தண்ணீர் கட்டிக்கொண்டு போவது ஓட்டுநரின் கடமைகளில் ஒன்றாயிற்று.

இன்ஜின் சூட்டின் வரலாற்றில் மிகக் கடுமையான அத்தியாயம் இரண்டாம் உலகப் போரின்போது எழுதப்பட்டது. 1941-இல் இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போகையில் ஏனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளைப் பிரிட்டிஷார் தாமே அழித்துவிட்டுப் பின்வாங்கியமையால், இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த எண்ணெயின் பெரும்பகுதி நின்றது. அந்நெருக்கடியில் தென்னாட்டுச் சாலைகளில் ஓடியவை கரி கேஸ் பஸ்கள். வண்டியின் பின்புறம் ஓர் இரும்புக் கலனைப் பொருத்தி, அதில் மரக்கரியை நிரப்பித் தீமூட்டி, போதிய காற்றை விடாமல் அரைகுறையாக எரியச் செய்தால், கார்பன் மோனாக்சைடு என்னும் எரியக்கூடிய நச்சுவாயு உண்டாகும். அதைக் குழாய்வழியே இழுத்து, வடிகட்டி, இன்ஜினுக்குள் செலுத்துவதே அம்முறை. பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் இம்பெர் 1920-களில் மரக்கட்டைகளை எரிக்கும் கலனைச் செம்மைப்படுத்தியிருந்தார், மதுரை டி.வி.எஸ். நிறுவனம் போர்க்காலத்தில் தன் பெயரிலேயே கரிவாயுக் கலன் தயாரித்து விற்றது.

கரிசலுக்கும் அதை ஒட்டிய சீமைக்கும் கரி புதிதல்ல. உடைமரத்தையும் கருவேலத்தையும் வெட்டி அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளுக்குள் புகைய வைத்துக் கரியாக்கும் மூட்டம் இப்பக்கத்தின் பழைய தொழில். இன்று அத்தொழிலுக்கு உயிர்கொடுக்கும் சீமைக்கருவேலம் அப்போது இவ்வளவு பரவியிருக்கவில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலைக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கரி வேண்டியிருந்ததால், மூட்டைகளைப் பஸ்ஸின் கூரையில் அடுக்கிக்கொண்டு, வழியில் நிறுத்தி நிறுத்திக் கலனுக்குள் கொட்ட வேண்டியிருந்தது. புறப்படுமுன் கைவிசிறியைச் சுற்றித் தீயை ஊதிப் பிடிக்கச் செய்யத் தனி ஆள் தேவைப்பட்டான்.

கரி கேஸ் பஸ்ஸின் சூட்டுச் சிக்கலை அக்காலத்தவர் புரிந்துகொண்ட விதம் கவனத்துக்குரியது. கலனுக்குள் நெருப்பு மண்டலம் 1000 டிகிரியைத் தாண்டுவதால், அங்கிருந்து வெளிவரும் வாயுவும் பல நூறு டிகிரிச் சூட்டில் இருக்கும். அச்சூட்டோடு வாயு இன்ஜினுக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: சாதாரண வெப்பநிலையில் ஒவ்வொரு 3 டிகிரி ஏற்றத்துக்கும் வாயுவின் அடர்த்தி நூற்றில் ஒரு பங்கு குறைகிறது, அடர்த்தி குறையக் குறைய ஒவ்வொரு இழுப்பிலும் சிலிண்டருக்குள் புகும் எரிபொருளும் குறைகிறது. கரிவாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன் இருப்பதால், எல்லாம் சரியாக இருந்தாலே இன்ஜினின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வாயு சூடாகவும் வந்தால் பஸ் ஏற்றத்தில் நின்றுவிடும். எனவே சட்டகத்தின் அடியிலோ கூரையிலோ நீண்ட குழாய் வரிசையை ஓடவிட்டு, வாயுவை ஆறவைத்த பின்னரே இன்ஜினுக்கு அனுப்பினார்கள். சூட்டை இன்ஜின் அறைக்குள் நுழையவிடாமல் வழியிலேயே இறக்கிவிடும் இம்முறை, இன்று டர்போ வண்டிகளில் அழுத்தப்பட்ட காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலர் செய்கிற வேலையைத்தான் செய்தது.

ஆனால் பானட்டுக்குள் வேறொரு சூடு பிறந்தது. கரிவாயு பெட்ரோலைவிட மெல்ல எரிவது. ஆகவே தீப்பொறி வழக்கத்தைவிட முன்கூட்டியே விழுமாறு மாற்றியமைக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் எரிதல் முடியுமுன்பே புகைவால்வு திறந்துகொள்ள, எரிந்துகொண்டிருக்கும் வாயு அவ்வால்வையும் அதை அடுத்த மேனிஃபோல்டையும் சுட்டுப் பழுக்கவைக்கும். மேனிஃபோல்ட் என்பது சிலிண்டர்களின் புகையை ஒன்றுதிரட்டிச் சைலன்ஸர் குழாய்க்கு அனுப்பும் வார்ப்பிரும்புப் பகுதி. பெட்ரோலில் தொடங்கிக் கரிக்கு மாறும் வண்டிகளில் பொறியின் நேரத்தை இரண்டுக்கும் பொதுவாக எங்கோ நடுவில் நிறுத்தியிருப்பார்களாதலால், கரியில் ஓடும் நேரமெல்லாம் சூடு கூடியே இருந்தது. கொதித்த ரேடியேட்டரைக் குறைசொல்லிக்கொண்டிருந்த பலருக்கு, பழுது பொறியின் நேரத்தை அமைக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் இருந்தது தெரியாமலே போர் முடிந்தது.

போர் முடிந்ததும் பட்டாளத்து வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. டிஸ்போஸல் வண்டி என்று பெயர் பெற்ற அவற்றுள், கனடாவில் ஃபோர்டும் ஷெவர்லேயும் பிரிட்டிஷ் பேரரசுப் படைகளுக்காகச் செய்த மொட்டைமூக்கு லாரிகள் பல. அவற்றில் இன்ஜின் ஓட்டுநரின் பக்கத்திலேயே அறைக்குள் புகுந்திருந்தது. ஃபோர்டு வகையில் இருந்தது 1932 முதல் அந்நிறுவனம் வார்த்துவந்த வி-8 இன்ஜின்; புகை வெளியேறும் வழிகள் நீர் ஓடும் உறையின் ஊடாகவே சென்றதால், புகையோடு வெளியே போக வேண்டிய வெப்பத்தின் ஒரு பங்கையும் நீரே சுமந்தது. அளவான ரேடியேட்டரோடு பட்டாளத்தில் ஒருவாறு தாக்குப்பிடித்த இவ்வண்டிகள், ஏலம் எடுத்தவர் முன்முகத்தை மாற்றிப் புதிய கூடு கட்டியபோது, அழகுக்காகச் சிறிதாக்கப்பட்ட முகப்பின் பின்னால் மூச்சுத் திணறின.

அடுத்து வந்தது டீசல். 1950-களில், ஓடிக்கொண்டிருந்த டாட்ஜ், ஃபார்கோ, ஷெவர்லே, பெட்ஃபோர்டு லாரிகளின் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு, பெர்க்கின்ஸ் பி-6 டீசல் இன்ஜினை ஏற்றுவது நாடெங்கும் வழக்கமாயிற்று. ஆறு சிலிண்டரும் ஏறக்குறைய 4.7 லிட்டர் கொள்ளளவும் கொண்ட இந்த இன்ஜினை இங்கிலாந்துக் கம்பெனி இவ்வகை மாற்றத்துக்கு ஏற்றதாகவே விற்றுவந்தது. சென்னை சிம்சன் நிறுவனம் பெர்க்கின்ஸ் இன்ஜின்களை இந்தியாவிலேயே செய்யத் தொடங்கிய பிறகு உதிரிபாகமும் எளிதாகக் கிடைத்தது. டீசல் இன்ஜின் எரிபொருளின் வெப்பத்தில் கூடுதல் பங்கை வேலையாக மாற்றுவதால், அதே வேலைக்கு நீரில் இறங்கும் சூடு குறைவாகத்தான் இருக்க வேண்டும். நடைமுறையில் மாற்றிய லாரிகள் கொதித்தமைக்குக் காரணம் இன்ஜின் அல்ல, இடமே. நீளம் வேறுபட்ட இன்ஜின் பழைய அறைக்குள் உட்கார்ந்தபோது விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் இடையே இருந்த தொலைவு மாறியது. விசிறி இழுக்கும் காற்று ரேடியேட்டரின் ஊடாக வராமல், பக்கவாட்டிலிருந்து இன்ஜினின் வெந்த காற்றையே மறுபடி மறுபடி சுற்றியது. ரேடியேட்டரின் பின்முகத்திலிருந்து விசிறியின் விளிம்புவரை தகரத்தால் வட்டக்கூடு ஒன்று வளைத்துக் கட்டினால் இச்சுழற்சி நின்றுவிடும். தகரமும் ரிவெட்டும் சில மணிநேர வேலையும் மட்டுமே கேட்கும் இத்திருத்தத்தை விட்டுவிட்டு, பெரிய ரேடியேட்டர், கூடுதல் இறக்கை கொண்ட விசிறி என்று செலவழித்தவர்களே மிகுதி. விசிறியின் வேகம் இரட்டித்தால் அது இன்ஜினிடமிருந்து பிடுங்கும் சக்தி எட்டு மடங்காகிறது என்பதையும் அவர்கள் கணக்கில் வைத்ததாகத் தெரியவில்லை.

தெர்மோஸ்டாட்டுக்கு நேர்ந்த கதியும் இதைப் போன்றதே. இன்ஜின் போதிய சூடு ஏறும்வரை நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து, ஏறக்குறைய 80 டிகிரியில் திறந்துகொள்ளும் வால்வு அது. வெப்பநாட்டில் இதற்கு வேலையில்லை என்று கருதி அதைக் கழற்றி எறிவது தமிழ்நாட்டுப் பட்டறைகளில் சடங்காகவே ஆகிவிட்டது. கொதிக்கும் வண்டியில் அவ்வால்வு ஏற்கெனவே முழுதும் திறந்திருக்கும் என்பதால் கழற்றுவதில் பெரிய ஆதாயம் இல்லை. சிலவகை இன்ஜின்களில் அது மூடிவைத்த குறுக்குவழி திறந்துகொண்டு, வெந்நீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பாராமலே திரும்பி வந்துவிடுவதால் சூடு கூடவும் செய்யும். இதற்கு மாறாக, அழுத்த மூடியின் அருமை தாமதமாகவே உணரப்பட்டது. ரேடியேட்டரின் மூடி வில்லழுத்தத்தால் நீராவியை அரை பார் அளவுக்கு அடக்கிவைத்தால் நீர் கொதிக்கும் நிலை 111 டிகிரிக்கும், ஒரு பார் அளவுக்கு அடக்கினால் 120 டிகிரிக்கும் உயர்கிறது. வில் தளர்ந்த மூடிக்குப் பதிலாகக் கந்தைத்துணியைத் திணித்து ஓட்டியவர்கள் அந்த 20 டிகிரியைத் தாமே இழந்தார்கள்.

சூட்டை வெளியே விடும் கலை பெரும்பாலும் ஜீப்பிலும் அம்பாஸடரிலும்தான் பயிலப்பட்டது. பெட்ரோல் ஜீப்புக்குள் டீசல் இன்ஜினை இறக்குவதும், 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினோடு வந்த அம்பாஸடருக்குள் வேன் ஒன்றின் டீசல் இன்ஜினைப் பொருத்துவதும் வாடகைக்கார் உலகில் பல ஆண்டுகள் நடந்தவை. இவ்வண்டிகளின் பானட் கீலுக்கடியில் தடித்த வாஷர்களை வைத்து, கண்ணாடிப் பக்கமுள்ள பின்விளிம்பை ஓரங்குலம் தூக்கிவிடுவது ஓர் எளிய உத்தி. வண்டி நிற்கையில் வெந்த காற்று மேலெழுந்து அவ்விடுக்கு வழியே போய்விடும். ஓடுகையிலோ, முன்கண்ணாடியின் அடிவாரத்தில் எதிர்காற்று மோதித் தேங்குவதால் அங்கே அழுத்தம் கூடுகிறது. தூக்கிய விளிம்பு வழியாகக் காற்று உள்ளே புகுந்து, ரேடியேட்டர் வழியாக வந்த காற்று வெளியேற முடியாமல் தடுக்கிறது. பானட்டின் முன்பகுதியில், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், காற்று மேல்நோக்கி வளைந்து ஓடும் இடத்தில்தான் அழுத்தம் குறைவு; பிளவுகள் வெட்ட வேண்டிய இடம் அதுவே. சந்தையிலும் ஊர்த்தெருவிலும் ஊர்ந்த வாடகைக்காருக்கு வாஷர் உதவியது, நெடுஞ்சாலையில் விரைந்த காருக்கு அதே வாஷர் கெடுதல் செய்தது. இரண்டு ஓட்டுநர்களும் ஒருவரையொருவர் பொய்யர் என்று கருத இதைவிட நல்ல காரணம் இருக்க முடியாது.

புகைக்குழாயின் சூட்டை அடக்கப் பட்டறைகள் நெடுங்காலம் நம்பியது ஆஸ்பெஸ்டாஸ் கயிறு. மேனிஃபோல்டிலிருந்து இறங்கும் குழாயில் அதை நெருக்கமாகச் சுற்றிக் கம்பியால் கட்டினால் வெப்பம் அறைக்குள் கதிர்க்காமல் குழாயோடு வெளியே போகும். அக்கயிறு காய்ந்து உதிர்கையில் எழும் நுண்ணிழைகள் நுரையீரலைக் கெடுத்துப் புற்றுநோயும் விளைவிக்கும் என்பது மருத்துவ உலகில் நிலைநாட்டப்பட்ட பிறகும், பழைய கயிற்றை வெறுங்கையால் உரித்தெடுப்பது நிற்கவில்லை. கண்ணாடியிழை நாடா பின்னர் அதன் இடத்துக்கு வந்தது. எதையும் சுற்றாமல், குழாய்க்கும் எரிபொருள் குழலுக்கும் நடுவே விரலிடைவெளி விட்டு ஒரு தகரத்தை நிறுத்துவது இவையனைத்தையும்விடப் பாதுகாப்பானது; கதிர்வீச்சைத் தகரம் தடுக்க, தகரத்தின் சூட்டை இடைவெளியில் ஓடும் காற்று எடுத்துச் செல்கிறது. பருத்திப் பொதியும் தீப்பெட்டிப் பண்டலும் ஏற்றும் கோவில்பட்டி, சிவகாசி வட்டாரத்து லாரிகளில் இன்ஜின் கெட்டுப்போவதைவிடப் பெரிய அச்சம் சரக்கைப் பற்றியது.

வண்டிக்குள் உட்கார்ந்திருந்த மனிதரின் உடல்மீது இச்சூடு விழுந்த வரலாறு தனியே எழுதத் தக்கது. 1970-களில் பாண்டியன், கட்டபொம்மன் போன்ற அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் ஓட்டிய முன்-இன்ஜின் பஸ்களில் ஓட்டுநரின் இடப்பக்கம் புடைத்திருந்த இன்ஜின் பெட்டியின்மேல், இடமில்லாத பயணிகளும் அமர்ந்து வந்தனர். வெந்த காற்று போக வழியின்றி அப்பெட்டிக்குள் சேர்ந்து, மிதிகட்டைகளின் துளைகள் வழியே ஓட்டுநரின் கால்களுக்கு வந்தது. பெட்டியின்மீது ரெக்சின் மெத்தை போட்டதோடு அக்காலத்துச் சூட்டுத் தடுப்பு பெரும்பாலும் முடிந்துபோயிற்று.

ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் இவ்வட்டாரத்துக்கு வரத் தொடங்கியபோது வேறொரு பாடம் கிடைத்தது. நின்ற இடத்திலேயே உச்ச வேலை செய்யும் வண்டிக்கு எதிர்காற்று என்பதே கிடையாது. விசிறி தள்ளுவதுதான் காற்று. ரேடியேட்டரிலிருந்து வெளியேறிய காற்று தரையில் பட்டு மறுபடி முன்முகத்துக்கு வராதபடி வண்டியை நிறுத்தும் திசையையே காற்றைப் பார்த்துத் தேர்வதில் முடிகிறது இதன் தீர்வு.

இன்று, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை விருப்பம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. இன்ஜின் மாற்றத்துக்கு அனுமதி வேண்டும். அதைவிட வலுவான தடை 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.-6 விதிகளால் விளைந்தது. புதிய டீசல் வண்டியின் புகைக்கரி வடிகட்டி, தன்னுள் சேரும் கரியை எரித்துத் தீர்க்க ஏறக்குறைய 600 டிகிரிச் சூட்டை அவ்வப்போது தானே உண்டாக்கிக்கொள்கிறது. நச்சுப்புகையை முறிக்கும் வினையூக்கிக்கும் போதிய சூடு இல்லாவிட்டால் வேலை ஓடாது. குழாய்க்கு வெளியே சூடு இருக்கக்கூடாது, உள்ளே குறையவும் கூடாது என்ற இந்நிலையில், பழைய பழக்கத்தில் வடிகட்டியைக் கழற்றிவிட்டு வெறுங்குழாய் போடுபவர் உணரிகளின் எச்சரிக்கை விளக்கையும், விரைவில் சக்தி குறைந்த இன்ஜினையுமே பெறுகிறார். மாறாக, குழாயின் மேல் தயாரிப்பாளர் போட்ட வெப்பத்தகட்டை, பழுதுபார்க்கையில் கழற்றிய பின் மறக்காமல் திரும்பப் பூட்டும் பட்டறைகளில் இன்ஜின் அறை இப்போதும் குளிர்ச்சியாகவே இருக்கிறது.